கூழாங்கல் பள்ளத்துக்குக் கூவல் வந்த கதை

கரும்பாறைக் காட்டில், கூழாங்கல் பள்ளத்தில், காத்தாயி என்று ஒரு சருகுமான் இருந்தாள். மான் என்று பெயரே தவிர, முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். கொம்பும் கிடையாது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் கோடும். சருகுகளுக்கு நடுவில் அசையாமல் நின்றுவிட்டால், பக்கத்தில் நிற்பவருக்குக்கூட அவள் இருப்பது தெரியாது. சருகுமான்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரே பாடம்தான்: ஆபத்து வந்தால் அசையாதே. மற்றப் பாடமெல்லாம் அந்தப் பாடத்துக்கு உரை.

அந்தப் பாடத்தால்தான் சென்ற மழைக்காலத்தில் காத்தாயி தன் தலைச்சன் குட்டியை இழந்தாள்.

பள்ளத்தின் நடுவில் ஓர் ஓடை உண்டு. அன்று பள்ளத்துக்கு மேலே வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மழை பெய்தது எங்கோ தூரத்தில், மலை உச்சியில். ஓடை திடீரென்று உறுமிக்கொண்டு வந்தது. காத்தாயி மேட்டுப் பக்கம் தழை மேய்ந்துகொண்டிருந்தாள். கீழே கரையோரம் இருந்த குட்டி அந்த உறுமலைக் கேட்டது. தாய் சொல்லிக்கொடுத்தபடி அசையாமல் நின்றது. புலி ஏமாறும், செந்நாய் ஏமாறும். தண்ணீர் ஏமாறவில்லை.

அன்று கூவல் வந்திருந்தது என்பது காத்தாயிக்குப் பிறகுதான் தெரிந்தது.

கூவல் என்பது அந்தக் காட்டின் ஏற்பாடு. இருவாச்சிப் பறவைகள் உயர்ந்த மரங்களில் ஆங்காங்கே உட்கார்ந்திருக்கும். ஒன்று கூவும் செய்தியை அடுத்தது வாங்கி அதற்கடுத்ததற்குக் கூவும். மலை உச்சியில் மழை பிடித்தால், காட்டின் தெற்குக் கோடியில் நிற்கும் யானை வாயில் வைத்த தழையை மென்று விழுங்குவதற்குள் சேதி தெரிந்துகொள்ளும். எங்கே தீ, எங்கே அத்தி பழுத்திருக்கிறது, எந்தத் துறையில் ஆற்றைக் கடக்கலாம் என்பதெல்லாம் கூவலில்தான் வரும். காடே அதை நம்பித்தான் எழுந்தது, தூங்கியது.

அன்றைய கூவலும் மலை உச்சியிலிருந்து கிளம்பி, பள்ளத்தின் வாசலில் நிற்கும் பலா மரம் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. பள்ளம் வளைந்து வளைந்து போகும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர். உள்ளே உட்கார்ந்து கூவ இருவாச்சி இல்லை. பழ மரம் இல்லாத இடத்தில் இருவாச்சி உட்காராது.

வாசல் பலா மரத்தில் ராஜமாணிக்கம் என்ற மலையணில் குடியிருந்தார். செம்பட்டை உடம்பும் உடம்பைவிட நீளமான வாலும் கொண்டவர். கூவல் அவருக்குத் தெளிவாகக் கேட்கும். மரத்தடிக்கு வந்து, "அண்ணே, என்ன சேதி?" என்று பணிவாக விசாரிப்பவர்களுக்கு அவர் மனமிருந்தால் சொல்வார். வெள்ளம் வந்த அன்று அவர் மதியத் தூக்கத்தில் இருந்தார்.

இந்த வருஷம் மேற்கே மேகம் தலைகாட்டத் தொடங்கியபோது காத்தாயிக்கு இன்னொரு குட்டி பிறந்திருந்தது. அதற்கும் 'அசையாதே' என்றுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. குட்டியை முள்ளம்பன்றி சடையம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் குலத்தில் யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். பட்டப்பகலில், திறந்த வெளியில், அரசாங்க அலுவலகத்துக்கு நடந்து போனாள்.

கூவல் துறையின் அலுவலகம் ஒரு பெரிய நாவல் மரத்தடியில் இருந்தது. இந்தத் துறை எந்தச் சேதியையும் கூவாது. அதனிடம் கூவுகிற பறவை ஒன்றுகூடக் கிடையாது. கூவல் எட்டாத இடம் எது என்று கண்டுபிடித்து, அங்கே போய் உட்காரும்படி பறவைகளை இணங்க வைப்பதுதான் அதன் வேலை. இணங்கும் பறவைகளுக்கு அரசரின் அத்தி மரங்களில் பங்கு உண்டு. அரசர் ஒரு புலி. (கதைகளில் சிங்கம் அரசாள்வது வழக்கம். ஆனால் கரும்பாறைக் காட்டில் சிங்கமே இல்லை. இல்லாதவரை அரசராக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.) புலி அத்திப்பழம் தின்பதில்லை. தான் தின்னாததைப் பொது நன்மைக்கு ஒதுக்குவது யாருக்கும் எளிதுதான் என்றாலும், அதைக்கூட ஒதுக்காத அரசர்கள் உண்டு என்பதால் அவரை வாழ்த்திவிட்டு மேலே செல்வோம்.

அலுவலகத்து எழுத்தர் கோமதிநாயகம் என்ற கொக்கு. பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஒற்றைக் காலில் நிற்பவர். காத்தாயி தயங்கித் தயங்கிப் போய், தங்கள் பள்ளத்துக்குக் கூவல் கேட்பதில்லை என்றாள்.

கொக்கு கண்ணைத் திறக்காமலேயே விளக்கியது. போன கோடையில் கணக்கெடுப்பு நடந்தாயிற்று. கூவல் கேட்காதவர்கள் உடனே தெரிவிக்க வேண்டும் என்று காடு முழுக்க அறிவித்தாயிற்று. கூழாங்கல் பள்ளத்திலிருந்து அப்படி ஒரு புகாரும் வரவில்லை.

"எப்படிங்க ஐயா அறிவிச்சீங்க?"

"கூவல்லதான். வேற எப்படி?"



"எங்களுக்குத்தான் கூவல் கேட்காதேங்க."

"அதைத்தான் அப்பவே சொல்லியிருக்கணும்னு சொல்றேன்."

"சொல்லணும்னு நீங்க சொன்னது எங்களுக்குக் கேட்கலைங்களே."

கொக்கு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. சிறு பிராணிகள் இப்படி வாதாடுவது அதற்குப் பழக்கமில்லை. அதோடு விஷயம் முடியவும் இல்லை என்று அது தொடர்ந்தது. பள்ளத்திலிருந்து பதிலே வராமல் இல்லை. ஒரு பதில் வந்திருக்கிறது. 'கேட்கிறது, மிக நன்றாகக் கேட்கிறது' என்று பலா மரத்து ராஜமாணிக்கம் சொல்லியிருக்கிறார். ஓர் இடத்தில் ஒருவருக்குக் கேட்டால் அந்த இடம் முழுவதற்கும் கேட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

அந்த விதியை வகுத்தவர் முன்பு அதிகாரியாக இருந்த மயில். மேகம் வந்தால் ஆட வேண்டும், மேகம் போனால் தோகையைக் கோத வேண்டும். பள்ளம் பள்ளமாக இறங்கிப் பார்க்க அவருக்கு நேரம் ஏது? ஒருவரைக் கேட்டு ஊரை அறிந்துகொள்ளும் இந்த முறையை அவர் பெரிய சாதனையாகவே கருதினார். சென்ற மாதம்தான் அவர் வேறு துறைக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

காத்தாயி திரும்பிப் போக எண்ணிய நேரத்தில், வேர்களுக்குப் பின்னாலிருந்து நீண்ட நாக்கொன்று வெளியே வந்தது. அதன் பின்னால் ஓர் உடும்பு வந்தாள். பெயர் மதிவதனி. நிலவு போன்ற முகம் என்று பொருள். பெற்றவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். அவள்தான் புதிய அதிகாரி.

"யாரோ பேசின மாதிரி இருந்துதே. என்ன சொன்னே? எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

கூவல் துறைக்குக் காது மந்தமான ஒருத்தியைத் தலைவியாகப் போட அரசாங்கத்தால் மட்டுமே முடியும். காத்தாயிக்கு இருந்த நம்பிக்கையும் போயிற்று. இருந்தாலும் சொன்னாள். சருகுமானின் குரல் சருகு விழும் ஓசைதான்.

"கேட்கலை. இன்னொரு முறை சொல்லு."

மறுபடி சொன்னாள்.

"பாதி கேட்டுது. இன்னொரு முறை."

காத்தாயிக்கு எங்கிருந்து வந்ததோ, நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு கத்தினாள்: "எங்க பள்ளத்துக்குக் கூவல் வர்றதில்லை. என் புள்ளை தண்ணியில போயிட்டான். இப்ப இன்னொருத்தன் இருக்கான்!"

நாவல் மரத்திலிருந்த கிளிகள் எழுந்து பறந்தன. கொக்கு இரண்டாவது காலையும் ஊன்றிவிட்டது. தன் குரல் இவ்வளவு பெரியது என்று அறிந்து காத்தாயியே நடுங்கினாள்.

மதிவதனி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "வழி தெரியுமில்ல? முன்னால நட" என்றாள்.

கொக்கு பதறியது. அதிகாரி இடத்தைவிட்டு நடந்து போனதாக இதுவரை வழக்கமே இல்லை என்று நினைவூட்டியது.

"அப்ப இதுதான் முதல் தடவை" என்று சொல்லிவிட்டு உடும்பு வாலை ஆட்டி ஆட்டி நடக்கத் தொடங்கினாள்.

பள்ளத்தில் ஒவ்வொரு வளையின் வாசலிலும் மதிவதனி படுத்துப் பார்த்தாள். சடையம்மாளின் குழியருகே, எறும்புதின்னியின் மேட்டருகே, காத்தாயியின் சருகுப் படுக்கையருகே படுத்தாள். கூவல் நேரம் வந்தது, போயிற்று. ஓடைச் சத்தம்தான் கேட்டது. தனக்குத்தான் காது மந்தமோ என்று மற்றவர்களையும் விசாரித்தாள். அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை என்றார்கள்.

பிறகு இருவாச்சிக் கூட்டத்தின் தலைவர் கனகசபையைப் பார்க்கப் போனாள். காத்தாயியையும் கூடவே அழைத்துக்கொண்டாள். கனகசபை கெட்டவர் அல்ல; கணக்குப் பார்ப்பவர், அவ்வளவுதான். மரக்கிளையில் இருந்தபடியே தன் கஷ்டத்தைச் சொன்னார். இருவாச்சிப் பெண்கள் முட்டையிட்டால் மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்வார்கள். குஞ்சு வளரும்வரை ஆண்கள்தான் வெளியிலிருந்து, இடுக்கு வழியாகப் பழம் ஊட்ட வேண்டும். பழமில்லாத பள்ளத்தில் உட்கார்ந்து கூவிக்கொண்டிருந்தால் பொந்துக்குள் இருப்பவள் என்ன சாப்பிடுவாள்?

நியாயம்தான் என்று காத்தாயிக்கே பட்டது. பிள்ளை பெற்றவள் பசி அவளுக்குத் தெரியும்.

"அதுக்குத்தான் அரசரோட அத்தி மரம் இருக்கு" என்றாள் மதிவதனி. "பள்ளத்துல உட்கார்ற பறவைக்கு அதுல பங்கு தர்றேன். நீங்க போடுற எச்சத்துலேர்ந்து அங்கேயே அத்தி முளைச்சுப் பழுக்கிற வரைக்கும்."

கனகசபை அலகைச் சாய்த்துப் பார்த்தார். "அதிகாரியம்மா, அந்தப் பழம் கூவல் எட்டாத இடத்துக்குத்தானே? பள்ளத்துக்குக் கேட்குதுன்னு ராஜமாணிக்கம் சொல்லியிருக்காரே. நாளைக்கு யாராவது கேட்டா நான்ல மாட்டிக்குவேன். சொன்னவரே வாபஸ் வாங்கட்டும். நான் நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

விதியும் அதுதான். சொன்னவர் சொன்னதைத் திரும்பப் பெற்றால்தான் பதில் மாறும்.

ராஜமாணிக்கமோ திரும்பப் பெறுவதாக இல்லை. பள்ளத்தின் பெரிய மனிதர் அவர். அவரிடம் கேட்டார்கள், அவர் பதில் சொன்னார். இப்போது அது தப்பு என்றால் என்ன மரியாதை? தவிர, கூவல் எல்லார் வீட்டுக்கும் நேரே போய்விட்டால், 'அண்ணே, என்ன சேதி?' என்று மரத்தடிக்கு யார் வருவார்கள்? இந்த இரண்டாவது காரணத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"எனக்குக் கேட்குது. பள்ளம் முழுக்கக் கேட்குது. இவங்க காது கொடுத்துக் கேட்கிறதில்லை, அதான் சங்கதி" என்றார்.

"சரி, நீங்களே கீழே வந்து கேட்டுக் காட்டுங்க" என்றாள் மதிவதனி. "நாளை மதியம் கனகசபை உங்க மரத்து மேல உட்கார்ந்து ஒரு சேதி கூவுவார். காத்தாயி வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு நீங்க அது என்னன்னு சொல்லணும்."

மறுக்க முடியவில்லை. மறுநாள் ராஜமாணிக்கம் வாலைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கி வந்தார். ஓடைக்கரையில், காத்தாயியின் சருகுப் படுக்கையில், ஒரு மடாதிபதியைப்போல அமர்ந்தார். பள்ளத்துப் பிராணிகள் எல்லாம் சுற்றி நின்றன. மதியம் வந்தது. ஓடை சலசலத்தது. ராஜமாணிக்கம் கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டி, எதையோ ரசிப்பதுபோல் இருந்தார்.

"கேட்டுதா?" என்றாள் மதிவதனி.

"கணீர்னு கேட்டுது."

"என்ன சேதி?"

"எல்லாரும் நலம்னு சேதி. வேறென்ன? காலையிலும் அதைத்தானே கூவினான்."

சடையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மதிவதனி மட்டும் நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் கனகசபையே சிறகடித்து வந்து இறங்கினார். இறங்கியதும் ராஜமாணிக்கத்தைப் பார்த்து வியந்துபோனார்.

"என்னய்யா இங்கேயே உட்கார்ந்திருக்கீர்? தொண்டை கிழியக் கூவினேனே. 'ராஜமாணிக்கத்தின் பலா மரத்தில் குரங்குகள் ஏறிவிட்டன, உடனே வரவும்'னு."

மலையணில் போன வேகத்தில் சருகுகள் பறந்தன.

அரசாங்கம் பொய்ச் சேதி அனுப்பக் கூடாது என்பதில் மதிவதனி மிகவும் கண்டிப்பானவள். ஆகவே குரங்குகளை உண்மையாகவே ஏற்பாடு செய்திருந்தாள். அவையும் ஒப்புக்கொண்ட வேலையைக் கடமை தவறாமல் செய்துவிட்டன. ராஜமாணிக்கம் போய்ச் சேர்ந்தபோது மரத்தில் பலாப்பழம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கீழே கொட்டை மட்டும் சிதறிக் கிடந்தது.

அவர் கிளையில் உட்கார்ந்து எல்லாரையும் ஏசினார். குரங்குகளை ஏசினார், உடும்பின் குலத்தை ஏசினார், புலியைக்கூடத் தாழ்ந்த குரலில் ஏசினார். அந்தச் சமயத்தில் மரத்தடிக்குக் காத்தாயி வந்தாள். அவள் பரிகசிக்க வந்ததாக எண்ணி அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, பழம் போனது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றாள் அவள். "கேட்டிருந்தா ஓடி வந்திருப்பீங்க."

"வராம? ஒரே தாவுல வந்திருப்பேன்."

"நானும்தாண்ணே. அன்னிக்குக் கேட்டிருந்தா."

ராஜமாணிக்கம் தன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று தாம் தூங்கிக்கொண்டிருந்தது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இதுவரை அதைப் பற்றி அவர் யோசித்ததும் இல்லை. வெகுநேரம் கழித்து உச்சிக்கிளைக்கு ஏறினார். காடு முழுக்கக் கேட்கும்படி, தம் சொந்தக் குரலிலேயே சொன்னார்:

"கூழாங்கல் பள்ளத்துக்குக் கூவல் கேட்கவில்லை. நான் சொன்னது எனக்கு மட்டும்தான்."

கொஞ்சம் நிறுத்தி, "என் மரத்துக்கு மட்டும்தான்" என்று திருத்தியும் சொன்னார். பெரிய மனிதர்கள் தாமாகவே ஒரு திருத்தம் போடுவது அரிது. அதனால் அதை இங்கே பதிவு செய்கிறேன்.

பலா மரம் மறுபடி காய்க்கும்வரை அவருக்கும் அரசரின் அத்தியில் ஒரு பங்கு என்று மதிவதனி உத்தரவு போட்டாள். குரங்குகளை அழைத்தது அலுவலகம், ஆகவே நஷ்டமும் அலுவலகத்தைச் சேர்ந்தது என்றாள். கொக்கு இரண்டு காலையும் ஊன்றி நின்று, 'இப்படியும் உண்டா' என்று பார்த்தது.

கனகசபை சொன்ன சொல் தவறவில்லை. முதல் வளைவிலும் இரண்டாம் வளைவிலும் இருவாச்சிகள் வந்து உட்கார்ந்தன. கடைசி வளைவில்தான் சிக்கல். அங்கே உயர்ந்த மரமே இல்லை; குட்டை மரத்தில் உட்கார இருவாச்சியின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மதிவதனி அதே பள்ளத்துக் குக்குறுவான் ஒருத்தியைப் பிடித்தாள். கைப்பிடிக்குள் அடங்கும் பச்சைப் பறவைதான். ஆனால் குக்குரூ குக்குரூ என்று தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. நிறுத்தத் தெரியாததைக் குறையாகவே கேட்டு வளர்ந்தவள் அவள். அதற்காகவே பழம் கிடைக்கும் என்றதும் நம்பவே மாட்டேன் என்றாள்.

கூவல் வந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. விட்டுவிட்டுக் கூவினால் தீ, நீட்டிக் கூவினால் தண்ணீர். முதல் ஒத்திகையில் நீண்ட கூவலைக் கேட்ட சடையம்மாள், தண்ணீர் குடிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நேரே ஓடைக்கு இறங்கினாள். மதிவதனி அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. பள்ளத்திலேயே தங்கி, ஒவ்வொருவரையும் மேட்டுக்கு ஏறவைத்துப் பழக்கினாள். கொக்கு ஆள்மேல் ஆள் அனுப்பிற்று. கேட்டு என்ன செய்வதென்று பழக்காமல் கூவலை மட்டும் மரத்தில் தொங்கவிட்டுவிட்டுப் போனால் அது அலங்காரம்தான் என்று அவள் பதில் சொல்லி அனுப்பினாள்.

எல்லாரிலும் கஷ்டப்பட்டவள் காத்தாயிதான். கூவல் கேட்டதும் அவள் கால்கள் மரத்துப்போகும். ஆபத்து என்றால் அசையாதே என்று தாய், தாய்க்குத் தாய் என்று எத்தனையோ தலைமுறை அவளுக்குள்ளிருந்து சொல்லும். ஒவ்வொரு ஒத்திகையிலும் மற்றவர்கள் மேட்டில் இருப்பார்கள்; அவளும் குட்டியும் மட்டும் சருகில் சிலையாக நிற்பார்கள். இப்படியே இருந்தால் எத்தனை பறவை கூவியும் பயனில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கால்களுக்குத் தெரியவில்லை.

பள்ளம் பழகி முடிந்தது என்று தோன்றியதும் மதிவதனி கிளம்பிவிட்டாள். போகும்போது காத்தாயியிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அலுவலகத்துல வந்து கத்தினே பாரு. அப்பவும் உன் குலத்துல யாரும் அப்படிச் செஞ்சதில்லை."

மழைக்காலம் வந்தது. ஒரு பிற்பகல், பள்ளத்துக்கு மேலே வானம் நீலமாக இருந்தது. ஒரு மேகத் துணுக்கும் இல்லை. குட்டி ஓடைக்கரைச் சருகில் தூங்கிக்கொண்டிருந்தது.

முதல் வளைவில் இருவாச்சி நீளமாகக் கூவியது. இரண்டாம் வளைவு அதை வாங்கிற்று. கடைசி வளைவில் குக்குறுவான் எடுத்துக்கொண்டாள், நிறுத்தவே இல்லை.

காத்தாயி நின்றாள். நான்கு காலும் தரையில் முளைத்தவைபோல் நின்றன. குட்டி கண்ணை விழித்து, அவளைப் பார்த்து, அவளைப் போலவே அசையாமல் நின்றது. அந்த நிற்பு அவளுக்குத் தெரியும். வெள்ளம் வந்த அன்று மேட்டிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள்.

"ஓடுடா!" என்று கத்தினாள். நாவல் மரத்தடியில் கத்திய அதே குரல்.

குட்டி திடுக்கிட்டுத் துள்ளியது. துள்ளிய பிறகு ஓடுவது எளிது. தாயும் பிள்ளையும் சருகு தெறிக்க, கல் உருள, மேட்டுக்கு ஏறினார்கள். சடையம்மாள் முள்ளெல்லாம் கலகலக்க முன்னால் போய்க்கொண்டிருந்தாள். எறும்புதின்னி பின்னால் வந்தார். அவர்கள் மேட்டுப் பாறையை அடைந்து திரும்பிப் பார்த்தபோது ஓடை வந்துகொண்டிருந்தது. மரக்கட்டைகளைச் சுழற்றிக்கொண்டு, மண் நிறத்தில், காத்தாயியின் சருகுப் படுக்கை இருந்த இடத்தின்மேல் ஏறிப் போயிற்று.

குட்டி தாயின் வயிற்றுக்கடியில் முட்டிப் பால் குடிக்கத் தொடங்கியது. அதற்கு இது இன்னொரு ஒத்திகைதான்.

கொஞ்ச நேரத்தில் குக்குறுவான் அருகிலிருந்த செடிக்கு வந்தாள். அலுவலகத்திலிருந்து கேட்கிறார்கள் என்றாள். பள்ளத்தில் எல்லாரும் நலமா?

கூவல் கீழே வருவது மட்டுமல்ல, மேலேயும் போகும் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. பள்ளத்திலிருந்து இதுவரை ஒரு சேதியும் வெளியே போனதில்லை. முதல் சேதியை யார் சொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் காத்தாயியைப் பார்த்தார்கள்.

காத்தாயி சொன்னாள்: "எல்லாரும் நலம். என் புள்ளை நலம். அதிகாரியம்மாவுக்கு எங்க நன்றி."

குக்குறுவான் அதைக் கூவினாள். வளைவுக்கு வளைவு அது கைமாறிப் போவது மேட்டிலிருந்து நன்றாகக் கேட்டது. பள்ளத்தைத் தாண்டி, பலா மரத்தைத் தாண்டி, நாவல் மரத்துப் பக்கம் போய் மறைந்தது. அதைக் கேட்டு ராஜமாணிக்கமும் கிளைகள் வழியாகத் தாவித் தாவி வந்து சேர்ந்தார். அன்று அவர் தூங்கவில்லை. மதியத் தூக்கத்தையே விட்டுவிட்டதாகக் கேள்வி. முதலில் குட்டியைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்.

பதில் வந்தது. குக்குறுவான் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அதிகாரிக்குச் சரியாக் கேட்கலையாம். இன்னொரு முறை சொல்லச் சொல்றாங்க."

காத்தாயி மறுபடி சொன்னாள். சேதி மறுபடி போயிற்று.

மறுபடி பதில் வந்தது. "பாதிதான் கேட்டுதாம். இன்னொரு முறை."

காத்தாயிக்குக் கவலையாகிவிட்டது. இவ்வளவு தூரம் நடந்து வந்து, வளைவுக்கு வளைவு பறவை வைத்து, நமக்குக் கேட்க வைத்தவளுக்கு, நாம் சொல்வது கேட்காமல் போயிற்றே என்று வருந்தினாள். இன்னும் உரக்கக் கூவும்படி குக்குறுவானைக் கெஞ்சினாள்.

ராஜமாணிக்கம் சிரித்தார். தாம் ஏமாந்த அன்றே அந்த உடும்பை நன்றாகப் புரிந்துகொண்டவர் அவர்.

"கேட்டிருக்கும்மா" என்றார். "முதல் தடவையே கேட்டிருக்கும். உன் குரலை உரக்கக் கேட்கணும்னு அதிகாரியம்மாவுக்கு ஆசை. சும்மா இன்னொரு முறை சொல்லு."

காத்தாயி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, பள்ளம் எதிரொலிக்க, மூன்றாம் முறையும் சொன்னாள்.

குரல் எட்டாதவர்களைத் தேடி நடந்து போகிற அரசாங்கத்துக்குத்தான், அவர்கள் வாழ்த்துகிற குரலும் வந்து எட்டும்.